இக்கென்னாவின் பனியன்

ஆத்துத் தண்ணி கலரப் பாத்தே இந்த வருசம் வெளிநாட்டுக்காரன் என்ன கலர் உடுத்தப் போறான்னு ஒரு காலத்துல சொல்லிப்போட்ட ஊருங்க எங்க திருப்பூரு. அந்த ஊர்ல, பத்து வீட்டு லைன் ஒண்ணுல, ஒரு மனுசன் போட்டிருந்த வெள்ளைப் பனியன் சாயத்தொட்டிப் பக்கமே போகாம அவன் மனசுல என்ன இருந்துச்சோ அந்தக் கலருக்கு மாறிச்சுன்னு சொன்னா, வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. எங்க ஊர்க்காரன் சிரிக்க மாட்டான், "துவைச்சா சாயம் போகுமுங்களா?"ன்னுதான் கேப்பான். போகாதுங்க, நானே துவைச்சுப் பாத்துட்டேன்.

என்ற பேரு ரங்கசாமி. சாயப்பட்டறைல கலர் மேட்சிங் மாஸ்டர், முப்பது வருசம். வெளிநாட்டுக்காரன் வெரலகலத் துண்டுத்துணி ஒண்ண அனுப்பி "இதே கலர்ல ஒரு லட்சம் பீஸ் வேணும்"பான். அந்தத் துண்ட வாங்கிப் பாத்து, இதுல நீலம் எத்தனை, சிவப்பு எத்தனை, மஞ்சள் எத்தனைன்னு சொல்றது என்ற வேலை. இந்தத் தொழில்ல ஒரே ஒரு சத்தியந்தான் உண்டு. பல்பு வெளிச்சத்துல கலர் சொல்லக்கூடாது, துணியத் தூக்கிட்டு வாசலுக்கு வந்து வெயில்ல பாத்துட்டுத்தான் வாயத் தொறக்கணும். பல்புக்கடியில அண்ணந்தம்பியாட்டம் இருக்கற ரெண்டு துணி, வெயிலுக்கு வந்தா ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி கூடப் பாக்காது. இத நான் லைன்ல இருக்கற குஞ்சு குளுவானுக்கெல்லாம் சொல்லியிருக்கேன். சொன்னவனே அதைக் காத்துல விட்ட கதையத்தான் இப்பச் சொல்லப் போறேன்.

இக்கென்னா, லாகோஸ்ல இருந்து பனியன் வாங்க வந்தவன். வந்தவன், பனியன் தைக்கற சுகந்தியப் பாத்தான், அவ இவனப் பாத்தா, அவ்வளவுதான், ஊரு தலைகீழாச்சு. காங்கேயம் பக்கத்துல இருந்த அவ அண்ணன் சென்னியப்பன், எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு தலை முழுகிட்டாரு. இவங்க ரெண்டு பேரும் எங்க லைனுக்குக் குடிவந்தாங்க. ஒரு பொட்டப்புள்ள பொறந்துச்சு. 'நென்னா'ன்னு பேரு வெச்சான். இதென்னப்பா பேருன்னு நாங்க கேட்டதுக்கு, "எங்க பாஷைல, 'அப்பாவோட அம்மா'ன்னு அர்த்தமுங்"ன்னான். அட, இதுல என்ன இருக்குது, நாங்களும் பொட்டப்புள்ளைய ஆத்தான்னுதான கூப்புடறோம்? அன்னைக்கே அவன் எங்காளாயிட்டான்.

எங்காளாயிட்டான்னு நான் சொல்றேன், ஊரு சொல்லணுமில்ல. ஆறடிக்கு மேல ஒசரம், கருத்த தேகம். நானும் அடுப்புக்கரிதான், என்ன விட ரெண்டு ஷேடு கூடுதல், அவ்வளவுதான். ஆனா பஸ்ல அவன் உக்காந்தா, எத்தனை கூட்டம் இருந்தாலும் பக்கத்து சீட்டு காலியாவே போகும். ஒருநா எங்கிட்டச் சொன்னான்: "மாஸ்டர், நான் சத்தமாப் பேசினாச் சண்டைக்கு வர்றாம்பாங்க, அழுதாத் தண்ணி போட்டிருக்காம்பாங்க. அதனால சிரிச்சுக்கிட்டே இருந்துக்கறேனுங்." அப்படித்தான் இருந்தான். வெயில்லயும் அந்தச் சிரிப்புத்தான், மழையிலயும் அந்தச் சிரிப்புத்தான்.

போன தை மாசம் மூணே நாள் காய்ச்சல்ல சுகந்தி போய்ச் சேந்துட்டா. லைனே மாரடிச்சுக்கிட்டு அழுதுச்சு. இக்கென்னா அழுகல. வந்தவங்களுக்கெல்லாம் சேர் எடுத்துப் போட்டான், குடிக்கத் தண்ணி குடுத்தான், அதே சிரிப்பச் சிரிச்சான். மறுநாக் காலைல ஆறு மணிக்கு வாசப்படில உக்காந்து, எட்டு வயசு நென்னாவ முன்னாடி உக்கார வெச்சு, தேங்காயெண்ணெயும் அகலச் சீப்புமா பின்னல் போட ஆரம்பிச்சான். அந்தப் புள்ளைக்கு அப்பன் முடிங்க, சுருள் சுருளா அடர்ந்த முடி, சீப்பு உள்ள போனா வழி கேட்டுத்தான் வெளிய வரணும். ஒரு மணி நேரம் ஆகும், பதினாறு பின்னல். பொண்டாட்டி செத்த மறுநாள்ல இருந்து ஒருநா கூட அந்த மனுசன் தவறவிட்டதில்லைங்க. பெத்தவளுக்குக் கூட அந்தப் பொறுமை வருமான்னு தண்ணி புடிக்க வந்த பொம்பளைங்க கொடத்த வெச்சுட்டு நின்னு பாப்பாங்க.

பங்குனி மாசம் ஒரு செவ்வாக்கெழம, பின்னல் பாதில இருக்கறப்ப நென்னா கேட்டா: "அப்பா, அம்மாவுக்கு எல்லாரும் அழுதாங்க. நீ மட்டும் அழல. உனக்கு அம்மாவப் புடிக்காதா?"

எண்ணெய்க் கை அந்தரத்துல நின்னுது. "ஒண்ணுமில்ல ஆத்தா. நேராத் திரும்பு"ன்னான்.

அந்த நிமிசந்தான் நடந்துச்சு. நெஞ்சுக்குழில ஒரு பொட்டளவு கலர் ஊறிச்சு, ஈரத்துணில சாயம் ஏறுமே அப்படி மெதுமெதுவா நாலாபக்கமும் பரவி, தோள்பட்டைக்கு ஏறி, முதுகுக்குச் சுத்தி, கொழாயடில நின்ன பொம்பளைங்க கண்ணு முன்னாலயே அந்த வெள்ளைப் பனியன் முழுசும் வெங்காயத்தோல் கலர் ஆயிருச்சு. நென்னா திரும்பிப் பாத்துட்டு, பயப்படவுமில்ல ஒண்ணுமில்ல, "அப்பா, பனியனப் பாரு"ன்னா.

அப்பறம் லைன் அமளிப்பட்டதக் கேளுங்க. சாயத்தண்ணில குளிச்சுட்டானான்னு முதல்ல சந்தேகப்பட்டாங்க. அவன் கழட்டிக் குடுத்த பனியன நான் சோப்புல போட்டேன், சுடுதண்ணில போட்டேன், ப்ளீச்சிங்ல போட்டேன், அப்படியே நிக்குது, அட கெரகமே, முப்பது வருசத்துல அப்படியொரு சாயத்த நான் பாத்ததில்லைங்க. வேற வெள்ளைப் பனியன எடுத்துப் போட்டான், கொஞ்ச நேரத்துல அதுவும் ஏறிச்சு. கெமிக்கல் கம்பெனிக்காரங்க ரெண்டு பேரு வந்து மோந்து பாத்து எழுதிட்டுப் போனாங்க. கோயில் பூசாரி விபூதி போட்டாரு, சர்ச்சுல இருந்து வந்தவரு ஜெபம் பண்ணினாரு, ரெண்டுக்கும் அது மாம்பழ மஞ்சளாச்சு, ஏன்னா அந்நேரம் நென்னா பக்கத்துல உக்காந்து கெக்கபிக்கேன்னு சிரிச்சுட்டிருந்தா. பத்து நாள்ல எல்லாருக்கும் பழகிப்போச்சு. காத்தால எந்திரிச்சு வானத்தப் பாக்கற மாதிரி இக்கென்னா பனியன ஒரு பார்வை பாத்துட்டு வேலைக்குப் போனாங்க.

வில்லங்கம் எங்க வந்துச்சுன்னா, லைன்ல இருந்த மத்த ஆம்பளைங்களுக்கு வந்துச்சு. புருசன் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருப்பான், பொண்டாட்டி என்னங்கன்னு கேப்பா, அவன் "ஒண்ணுமில்ல"ம்பான். உடனே அவ, "எங்க, பனியனக் காட்டுங்க"ம்பா. எங்க லைன்ல அது ஒரு பேச்சாவே போயிருச்சு. யாரு ஒண்ணுமில்லைன்னாலும், "பனியனப் பாரு". ஒரே வாரத்துல லைன் ஆம்பளைங்க அத்தனை பேரும் கருப்புப் பனியனுக்கு மாறிட்டாங்க, எதுக்கும் இருக்கட்டுமேன்னு. நானுந்தான். பொய் சொல்லக்கூடாது.

இக்கென்னாவும் முதல்ல மறைக்கப் பாத்தான். பங்குனி வெயில்ல மழைக்கோட்டு போட்டுட்டுத் திரிஞ்சான் பாவம், கலர் கோட்டையும் தாண்டி வந்துச்சு. அப்பத்தான் நென்னா அவன் கையப் புடிச்சுச் சொன்னா: "அப்பா, கோட்டக் கழட்டு. எனக்குத் தெரியணும்." அந்த ஒரு சொல்லுக்குக் கழட்டினானுங்க. கழட்டி வெச்சுட்டு வெள்ளைப் பனியனோட வாசப்படில உக்காந்தான். "உங்கம்மா நெனப்பா இருக்குது ஆத்தா. அவ மெஷின் சத்தம் காதுலயே இருக்குது"ன்னு சொல்லிட்டு, கொழாயடில பத்துப் பேரு பாக்கப் பாக்க, அத்தாம்பெரிய மனுசன், புள்ள தோள்ல மூஞ்சிய வெச்சுட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். அந்தப் புள்ள, அவன் அவளுக்குத் தலை தடவற மாதிரியே அவன் தலையத் தடவிக் குடுத்தா. நான் எம்மவளக் கட்டிக் குடுத்தன்னிக்குப் பந்தி கவனிக்கறேன்னு சமையக்கட்டுக்குள்ள போயி ஒளிஞ்சவன். அவனப் பாத்து எனக்குப் பொறாமையா இருந்துச்சு.

அப்ப ஒண்ணு கவனிச்சேன். வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, பனியன் கழுத்துல இருந்து வெளுத்துக்கிட்டே வந்துச்சு, சொல்லி முடிக்கறப்ப வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு. தொழில் புத்தி யாரை விட்டுச்சு? அதுக்கப்பறம் அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள கத்திரிய எடுத்துட்டு ஓடி, ஓரத்துல வெரலகலத் துண்டு ஒண்ண வெட்டிக்குவேன். வெட்டின துண்டு வெளுக்காது. அட்டைல ஒட்டிக் கீழ எழுதி வெச்சேன். வெங்காயத்தோல், சுகந்தி நெனப்பு. மாம்பழ மஞ்சள், நென்னா சிரிச்சது. கடல் பச்சை, லாகோஸ்ல இருக்கற அம்மாகிட்டப் போன்ல பேசினது. ஒரு ஆம்பளையோட மனச ஷேடு கார்டு போட்டவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்னு எனக்கு ஒரு மெதப்பு வந்துருச்சு.

நென்னாவுக்குக் காது குத்தல. எட்டு வயசாகியும் மூளிக்காது. எங்க பக்கத்துல தாய்மாமன் மடில உக்கார வெச்சுத்தான் காது குத்துவாங்க. "எங்கண்ணன் என்னைக்காச்சும் வருவாரு, அவரு மடிலதான்"னு சுகந்தி கடைசி வரைக்கும் காத்திருந்தா. வராத அண்ணன், அவ செத்து மூணு மாசம் கழிச்சு, சித்திரைல ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாரு. தாயில்லாத பொட்டப்புள்ளைய ஒரு ஆம்பளை, அதுவும் வேத்து நாட்டான், எப்படி வளப்பான்? வர்ற ஞாயித்துக்கெழம வர்றேன், புள்ளைய எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

லைன்ல பாதிப்பேரு, அதுவும் நாயந்தான, மாமன் வீட்ல வளந்தா நல்லதுதானன்னு பேச ஆரம்பிச்சாங்க. இக்கென்னா வாசப்பக்கமே வரல. பின்னல் கூட வீட்டுக்குள்ள வெச்சுத்தான் போட்டான். நான் கதவத் தட்டிக் கேட்டதுக்கு உள்ள இருந்தே "ஒண்ணுமில்லீங் மாஸ்டர்"ன்னான். ஒரு மாசமா அந்த வார்த்தைய விட்டிருந்தவன் மறுபடியும் புடிச்சுட்டான்.

ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு சென்னியப்பன் வந்தாரு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சேர் போட்டோம், உக்காரல. தண்ணி குடுத்தோம், வாங்கல. நேரா எங்கிட்ட வந்தாரு. "நீங்கதான் மாஸ்டருங்களா? அந்தாளு மனசு பனியன்ல தெரியுதாமா, நீங்கதான் அதைப் படிச்சுச் சொல்றீங்களாமா. போயிப் பாத்துச் சொல்லுங்க. மனசொப்பித்தான் அனுப்பறான்னா எனக்கும் நிம்மதி. வேற ஏதாச்சும்னாலும் தெரிஞ்சுக்கறேன்."

நான் தோரணையா உள்ள போனேன். லைன் வீடுங்க, ஜன்னல் கெடையாது, பகல்லயும் பழைய மஞ்சக் குண்டு பல்புதான். இக்கென்னா கீழ உக்காந்து நென்னாவோட கவுனெல்லாம் மடிச்சுப் பையில வெச்சுட்டிருந்தான். மேல தேங்காயெண்ணெய் பாட்டலும் அகலச் சீப்பும். பக்கத்துல ஒரு நோட்டுத்தாள்ல, பின்னல் எப்படிப் போடறதுன்னு படம் வரைஞ்சு வெச்சிருந்தான். பனியனப் பாத்தேன். அரக்கு. கெட்டியான, அடர்ந்த அரக்குச் சிவப்பு. என்ற கார்டுல இல்லாத கலர். ஆனா மனசு அந்த நொடியே எழுதிருச்சு. இத்தாப்பெரிய கருத்த மனுசன், மேல ரத்தச் சிவப்பு, இது கோவமில்லாம வேற என்ன? பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காராதவங்களுக்கும் எனக்கும் அந்த நிமிசம் ஒரு வித்தியாசமும் இல்லைங்க. அதை இப்ப நெனச்சாலும் எனக்கு வெக்கமா இருக்குது.

வெளிய வந்து, "கோவமுங்க. சரியான கோவம்"னு சொல்லிப்போட்டேன்.

கூடி நின்ன சனம் ரெண்டடி பின்னால போச்சு. சென்னியப்பன் மீசையத் தடவிட்டு, "நெனச்சேன். இப்படிக் கோவக்காரன் கையில எந்தங்கச்சி புள்ளைய ஒரு நிமிசம் விட மாட்டேன். எடுங்க பையை"ன்னாரு.

அப்ப நென்னா எம்முன்னால வந்து நின்னா. பதினாறு பின்னலும் அன்னைக்கு அத்தனை நேர்த்தியா இருந்துச்சு. "மாஸ்டர் அப்புச்சி, நீங்க வெயில்ல பாத்தீங்களா?"

நான் திரும்பி, உள்ள எரியற குண்டு பல்பப் பாத்தேன்.

"பல்புல பாத்துக் கலர் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"ன்னு கேட்டுட்டு, உள்ள போயி அப்பன் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. அவன் நிலைல தலை இடிக்காம குனிஞ்சு, வெயிலுக்கு வந்து நிமிந்தான்.

அரக்கு இல்லைங்க. கத்திரிப்பூ கலர். வெளிறின, நடுங்கற மாதிரி ஒரு கத்திரிப்பூக் கலர். அதுல அரக்குச் சாயலே இல்லை. என்ற முப்பது வருசத் தொழிலும் அந்த வாசல்ல மண்ணாப் போச்சு.

"இது கோவமில்ல மாமா"ன்னா நென்னா. "எனக்குப் பங்குனில காய்ச்சல் வந்தப்ப அப்பா என்னத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுச்சு. ரோட்டு வெயில்ல நான் பாத்தேன், இதே கலரு. எங்கப்பாவுக்குப் பயம்."

சென்னியப்பன் முதல் தடவையா இக்கென்னா மூஞ்சியப் பாத்தாரு. இக்கென்னா சிரிக்கல.

"ஆமாங், பயமா இருக்குதுங்"ன்னான். "சுகந்தி போனதுல இருந்து பயந்தானுங். இவளுக்குச் சளி புடிச்சாப் பயம். ஸ்கூல் விட்டு அஞ்சு நிமிசம் லேட்டானாப் பயம். நான் கூட நடந்து போனா, என்னப் பாத்து இவள யாராச்சும் ஏதாச்சும் சொல்லிப்போடுவாங்களோன்னு பயம். ஊருக்கு முன்னால உங்களுக்கும் எனக்கும் வழக்குன்னு வந்தா, எம்பேச்சு எடுபடாதுங், எனக்குத் தெரியும். நீங்க நல்லா வளப்பீங்க, அதும் தெரியும். அதனாலதான் பையக் கட்டினேன். ஆனா இவ போயிட்டா, காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு, இந்தக் கைய வெச்சுட்டு நான் என்னங் பண்ணுவேன்?"

எண்ணெய் மினுங்கற ரெண்டு கையையும் அப்படியே நீட்டிட்டு நின்னான். கழுத்துல இருந்து பனியன் வெளுக்க ஆரம்பிச்சுது. நெஞ்சு வெளுத்து, வயிறு வெளுத்து, அவன் அழுது முடிக்கறப்பப் பூராவும் வெள்ளை. கொழாயடில ஒரு பொம்பளை கொடம் வழியறது கூடத் தெரியாம நின்னா.

நான் தலையத் தூக்கறேன், சென்னியப்பன் சட்டைப் பாக்கெட்டுக்கு மேல ஒரு பொட்டளவு கலர். அது பரவுது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில நெஞ்சுல இருந்து தோளுக்கு, தோள்ல இருந்து கைக்கு. எனக்குக் கை பரபரன்னுச்சு. ஓடிப்போயி ஷேடு கார்ட எடுத்துட்டு வந்து, வெங்காயத்தோல் துண்ட, சுகந்தி நெனப்புன்னு நான் எழுதி வெச்ச துண்ட, வெயில்ல அவரு சட்டை மேல வெச்சுப் பாத்தேன். ஒரே தொட்டில ஒரே நேரத்துல முக்கியெடுத்த துணிய ஒரே லாட்டுன்னு சொல்லுவோம். இந்தத் தடவை வெயில்லதான் பாத்தேன், சத்தியமாச் சொல்றேன், ரெண்டும் ஒரே லாட்டு.

"என்னங்க, என்ன பாக்கறீங்க? ஒண்ணுமில்ல"ன்னாரு சென்னியப்பன்.

"மாமா"ன்னா நென்னா, "சட்டையப் பாருங்க."

குனிஞ்சு பாத்தாரு. பாத்தவரு அப்படியே வாசப்படில உக்காந்துட்டாரு. "ஒம்பது வருசமாச்சு ஆத்தா, உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலயே. இன்னைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம்னு இருந்துட்டேனே"ன்னு நெஞ்சுல குத்திக்கிட்டாரு. நென்னா போயி, யாரும் சொல்லாமலே, அவரு மடில உக்காந்தா. பின்னல ஒதுக்கி மூளிக்காதக் காட்டினா. "அம்மா உங்க மடிக்குத்தான் காத்துட்டிருந்துச்சு"ன்னா.

அழுது ஓஞ்சப்பறம், புள்ளைய மடில வெச்சுட்டே, அவரு இக்கென்னாவ நிமிந்து பாத்து, "மாப்ள, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க"ன்னாரு. கட்டி வெச்ச பையத் தாண்டி உள்ள போன இக்கென்னா சொம்போட வந்தான். பையை நென்னாவே அவுத்துச் சீப்ப எடுத்து மாடத்துல வெச்சா.

வைகாசில காதுகுத்து. எங்க லைன் வாசல்லயே பந்தல் போட்டோம். யாரும் பேசி வெச்சுக்கல, ஆனா லைன் ஆம்பளைங்க அத்தனை பேரும் கருப்பக் கழட்டிப் போட்டுட்டு வெள்ளைப் பனியன்ல வந்து நின்னோம். மாமன் மடில புள்ள உக்காந்தா. ஆசாரி கம்பிய எடுத்தாரு. கம்பி ஏறுச்சு, நென்னா "அப்பா, வலிக்குது"ன்னு வீறிட்டா. "அழாத"ன்னு இக்கென்னா சொல்லல. "வலிக்கும் ஆத்தா, எனக்கும் வலிக்குது, அழு"ன்னு அவ கையப் புடிச்சுட்டு, ஊரு பாக்க, வாய்விட்டு ஓன்னு அழுதான். நாங்கெல்லாம் பல்லக் கடிச்சுட்டு, புகை கண்ணுல பட்டுருச்சுன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டோம், பொம்பளைங்க என்னன்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லைன்னோம். அப்பறம் குனிஞ்சு பாத்தா, என்றது, பக்கத்து வீட்டுக்காரனுது, எதுத்த வீட்டுக்காரனுது, பந்தல்ல நின்ன அத்தனை ஆம்பளைங்க பனியனும் ஆளுக்கொரு கலர்ல நிக்குது. அவன் ஒருத்தன் பனியன் மட்டும் வெள்ளையா இருந்துச்சு.